தலை தாழ்த்தக் கற்ற இளங்குதிரை



மாடும் ஆடும் நம் முற்றத்தில் வளர்பவை. அவற்றின் மூச்சும் முறைப்பும் நமக்குப் பழக்கமானவை. குதிரை அவ்வாறன்று. நம்மில் பலர் அதனை அருகில் கண்டது நெடுந்தீவுக்குப் படகேறிச் சென்ற ஒரு நாளிலாகத்தான் இருக்கும். ஐரோப்பியர் ஆட்சிக்காலத்தில் அங்கே வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை இன்றும் அத்தீவின் வெளிகளில் தம் விருப்பம்போல் திரிகின்றன. அவற்றை அணுக முயன்றவர்கள் ஒன்றைக் கண்டிருப்பீர்கள். புல்லில் வாய் வைத்திருக்கும் குதிரை, நாம் ஓரடி முன்வைத்ததும் தலையை விருட்டென உயர்த்தும். காதுகள் நம் பக்கம் திரும்பும். இன்னோரடி வைத்தால் அது அங்கே இராது.

உயர்ந்து நிற்கும் அந்தத் தலையைப் பற்றியும், அது தாழ்வதற்கு என்ன வேண்டும் என்பதைப் பற்றியும் இவ்வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன். இதனை நான் கற்றுக்கொண்ட இடம் நெடுந்தீவு அல்ல. வெகுதொலைவில், ஒஸ்ரியா நாட்டின் மலைக்கிராமம் ஒன்று.

2018ஆம் ஆண்டின் கோடையில், திரோல் மாநிலத்துப் பங்கு ஒன்றின் பங்குத்தந்தை ஓய்வில் சென்றிருந்த ஆறு வாரங்களுக்கு, அவருக்குப் பதிலாகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கும் பணி எனக்குக் கிடைத்தது. ஐரோப்பாவில் குருக்களின் தொகை குறைந்து வருவதால் நம் நாட்டுக் குருக்கள் பலர் கோடை மாதங்களில் இவ்வாறு செல்வதுண்டு. காலைத் திருப்பலிக்கு ஏழெட்டு முதியவர்கள் வருவார்கள். அதன்பின் மாலைவரை எனக்கு வேலை இராது. என் ஜேர்மன் மொழியோ எழுதிய மறையுரையை வாசிக்கப் போதுமானது. அயலவரோடு கதைக்கப் போதாதது. ஆகவே தனியே நடந்து திரிந்தேன். அவ்வாறு நடக்கையில்தான் ஆலயத்துக்குப் பின்புறமிருந்த பண்ணையில் அந்த இளங்குதிரையைக் கண்டேன்.

மூன்று வயதுப் பெட்டைக்குதிரை. ஹாஃப்லிங்கர் என்னும் மலைநாட்டு இனம். பொன்மின்னும் பழுப்பு உடல், வெண்மையான பிடரிமயிர். இன்று இத்தாலிக்குள் இருக்கும் ஹாஃப்லிங் என்ற சிற்றூரின் பெயரையே இவ்வினம் தாங்கியுள்ளது. 1874ஆம் ஆண்டில் பிறந்த ஓர் ஆண்குதிரையே இவற்றுக்கெல்லாம் மூதாதை என அப்பண்ணையின் உரிமையாளர் பெருமையோடு கூறினார். அவர் அறுபத்தைந்து வயதைக் கடந்த ஒரு விதவைத் தாய். காலைத் திருப்பலிக்கு வரும் ஏழெட்டுப் பேரில் ஒருவர். அந்த இளங்குதிரையைச் சவாரிக்குப் பழக்கும் தொடக்க நாட்கள் அவை. வேலியருகே நின்று பார்க்க எனக்கு அனுமதி தந்தார்.

அவர் கையில் சாட்டை இல்லை. குதிரையின் வாயில் கடிவாள இரும்பும் இல்லை. கயிற்றாலான முகக்கட்டு ஒன்று, அதிலிருந்து தொங்கும் நீண்ட கயிறு ஒன்று, அவ்வளவே. குதிரையின் இடப்புறத்தில், கழுத்தோடு ஒட்டினாற்போல் நின்று, தாடைக்குக் கீழே கயிற்றை இரண்டு விரல்களால் பற்றிக் கீழ்நோக்கி இழுத்தார். இழுத்தார் என்று சொல்வதுகூடப் பொருந்தாது. கயிற்றின் பாரத்தோடு தம் விரல்களின் பாரத்தையும் சேர்த்தார் எனலாம். குதிரை என்ன செய்தது? தலையை இன்னும் மேலே தூக்கியது. கீழே இழுத்தால் மேலே தள்ளுவது, பின்னே தள்ளினால் முன்னே சாய்வது, இது அதன் இயல்பு. நம் வீட்டுப் பிள்ளைகளிடமும் நாம் காணாததன்று.

அந்தத் தாய் இழுப்பைக் கூட்டவில்லை; குறைக்கவுமில்லை. குதிரையின் தலையோடு அவர் கையும் உயர்ந்தது; விரல்களின் பாரம் மட்டும் மாறவில்லை. கால் நிமிடம் சென்றிருக்கும். தலை ஒரு விரற்கடை அளவு தாழ்ந்தது. எனக்கு அது தெரியவேயில்லை. அவருடைய விரல்களுக்குத் தெரிந்தது. அக்கணமே கயிற்றை நழுவவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். குதிரை இமைத்தது. சற்று நேரம் சும்மா நின்றார்கள், இருவரும். மறுபடியும் இரண்டு விரல்கள். மறுபடியும் அந்த விரற்கடை. மறுபடியும் விடுதலை.

குதிரைப் பயிற்சியின் மறைபொருள் முழுவதும் அந்த விடுதலையில்தான் இருக்கின்றது என்பதைப் பின்னர் விளங்கிக்கொண்டேன். இழுக்கும்போது குதிரை எதனையும் கற்பதில்லை. இழுப்பு எப்போது நிற்கின்றதோ, அந்தக் கணத்தில் தான் செய்துகொண்டிருந்ததையே கற்கின்றது. தலையை உதறி மேலே எறியும்போது நாம் களைத்துப்போய்க் கயிற்றை விட்டால், தலையை எறிவதே நல்லது என்று கற்றுக்கொள்ளும். தலை தாழ்ந்த பின்னும் நாம் இழுத்துக்கொண்டிருந்தால், தாழ்த்துவதால் பயனில்லை என்று கற்றுக்கொள்ளும். ஆகவே பயிற்றுவிப்பவருக்கு வேண்டிய முதல் திறன் எப்போது விடுவது என்பதை அறிவது. வலிமையால் அங்கே ஆவதொன்றுமில்லை. நானூறு கிலோவைத் தாண்டும் விலங்கை அறுபத்தைந்து வயதுக் கை எவ்வாறு கீழே இழுக்கும்?

இரண்டாம் வாரத்தின் முடிவில், காதுகளுக்குப் பின்னால் உச்சியில் உள்ளங்கையை வைத்தாலே போதும், குதிரை தலையை முழங்கால் அளவுக்குத் தாழ்த்தி நின்றது. கீழுதடு தளர்ந்து தொங்கியது. காதுகள் இரு பக்கமும் சரிந்தன. பின்னங்கால் ஒன்றின் குளம்பு நுனியை மட்டும் நிலத்தில் ஊன்றி, இடுப்பைத் தளரவிட்டு நின்றது. மாலைத் திண்ணையில் சாய்ந்திருக்கும் ஒரு முதியவரின் சாயல் அதில் எனக்குத் தெரிந்தது.

“எவ்வளவு பணிவு!” என்று என் குறைமொழியில் வியந்தேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

“பணிவா? ஹெர் ஃபாரர், வந்த அன்று இது தலையைத் தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து நீங்கள் என்ன நினைத்தீர்கள்? பெருமை என்றுதானே? எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது பயம்.”

ஹெர் ஃபாரர் என்பது அவர்கள் பங்குச் சுவாமியை அழைக்கும் முறை. அன்று அச்சொல்லோடு சேர்ந்து வந்தது எனக்கு ஒரு பாடம்.

வாசகர்களே, குதிரை புல்வெளியில் பிற விலங்குகளுக்கு இரையாக வாழ்ந்த விலங்கு. கொம்பில்லை, கூரிய நகமில்லை. ஓட்டம் ஒன்றே அதன் காவல். தரைவாழ் பாலூட்டிகளில் மிகப் பெரிய கண்களைக் கொண்டவற்றுள் அதுவும் ஒன்று. அக்கண்கள் தலையின் பக்கங்களில் அமைந்திருப்பதால், ஏறத்தாழ 350 பாகை அளவுக்குச் சுற்றுப்புறத்தைக் காண வல்லது. நெற்றிக்கு நேர்முன்னே சிறிது இடமும் வாலுக்கு நேர்பின்னே சிறிது இடமுமே அதற்கு மறைவு. தொலைவில் எதையேனும் ஐயுற்றால் அதைத் தெளிவாய்க் காணத் தலையை உயர்த்தும். தலை உயர்ந்த குதிரை, ஓட ஆயத்தமான குதிரை. தலை தாழ்ந்த குதிரையோ மேய்கின்ற குதிரை. தொலைவைப் பார்க்கும் காவலை அது சிறிது நேரத்துக்குக் கைவிட்டிருக்கின்றது. அருகில் நிற்பவர் அதைப் பார்த்துக்கொள்வார் என்று நம்பினாலன்றி அது அவ்வாறு செய்யாது.

வேகத்தின் கதையும் இதுவே. மூன்றாம் வாரத்தில் அந்தத் தாயின் பேத்தி ஒருத்தி குதிரையின் முதுகில் ஏறினாள். குதிரை மெதுவாக நடந்தவரை நன்று. சற்றே விரைந்ததும் அது தலையைத் தூக்கிக்கொண்டு வரவர வேகமெடுத்தது. நானாயிருந்தால் இரண்டு கைகளாலும் வாரைப் பிடித்து இழுத்திருப்பேன். பாட்டியோ பேத்தியை நோக்கி, “மூச்சை விடு, மூச்சை விடு” என்று கூவினார். குதிரையிடம் எதுவும் சொல்லவில்லை! பேத்தி மூச்சை வெளியே விட்டு, இருக்கையில் அமிழ்ந்து, வாரை ஒரு கணம் பிடித்து ஒரு கணம் விட்டு, குதிரையை ஒரு பெரிய வட்டத்துக்குள் திருப்பினாள். வட்டம் சுருங்கச் சுருங்க வேகம் தணிந்தது.

இளங்குதிரை விரைவது பெரும்பாலும் அதன் மிகுபலத்தால் அல்ல என்பதை அன்று கேட்டறிந்தேன். இயல்பாகவே அதன் பாரத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 60 பங்கு முன்னங்கால்களின் மேல் விழுகின்றது. முதுகில் ஒருவர் ஏறியதும் அந்தச் சமநிலை குலைகின்றது. முன்னே விழுவதுபோல் உணர்ந்து, விழாதிருக்க ஓடுகின்றது. சைக்கிள் பழகும் பிள்ளை தடுமாறும்போது மிதியை வேகமாக மிதிப்பது போலத்தான். அந்நேரம் வாரை இழுத்தால் வாய் நோகும், தலை மேலே போகும், முதுகு கீழே குழியும். குழிந்த முதுகு பாரத்தைச் சுமக்க மாட்டாது.

இங்கே படைப்பின் ஒரு நுட்பத்தைச் சொல்லாமல் கடக்க என்னால் இயலாது. குதிரையின் உச்சந்தலையிலிருந்து கழுத்தின் மேற்புறமாக முதுகுவரை ஒரு வலிய தசைநார் ஓடுகின்றது. தலை முன்னோக்கித் தாழும்போது அந்நார் இழுபட்டு முதுகெலும்பை மேலே தூக்குகின்றது. அதாவது, தலை தாழ்ந்தால் முதுகு உயரும். சுமக்கும் ஆற்றல் அங்கேதான் இருக்கின்றது. சேணமிடும் முன்னரே தலை தாழ்த்தப் பழக்குவதன் பயன் இதில் விளங்கும்.

இதை அறியாத காலமும் இருந்தது. அறிந்தும் பொருட்படுத்தாத காலம் என்பதே சரி. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் செல்வர்களின் வண்டிக் குதிரைகளுக்குத் தலையை எப்போதும் நிமிர்த்தியே வைக்கும் வார் ஒன்றைப் பூட்டுவார்கள். நிமிர்ந்த தலை அழகு என்பது அன்றைய நாகரிகம். மேட்டில் பாரம் இழுக்கும்போது குதிரை தலையைத் தாழ்த்தி உடலை முன்னே சாய்க்க வேண்டும். அவ்வார் அதற்கு இடந்தராது. மூச்சுத் திணறும், முதுகு நோகும். பதினான்கு வயதில் கால்கள் பாதிக்கப்பட்டு, வாழ்நாள் முழுவதும் குதிரைவண்டியின் துணையோடு நடமாடிய ஆனா சுவெல் என்னும் பெண்மணி, 1877ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பிளாக் பியூட்டி’ நாவலில் இக்கொடுமையைக் குதிரையின் வாய்மொழியாகவே எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். அவர் எழுதிய ஒரே நாவல் அது.

இதற்கு நேர்மாறான கொடுமையும் உண்டு. போட்டிக் களத்தில் அழகாய்த் தோன்றவேண்டி, குதிரையின் தாடை மார்பைத் தொடுமளவுக்கு வாரால் இழுத்து மடக்கிப் பழக்கும் முறை ஒன்று இருந்தது. பன்னாட்டுக் குதிரையேற்றச் சம்மேளனம் 2010ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் சுவிற்சர்லாந்தின் லொசான் நகரில் கூடி, வன்மையால் அடையப்படும் இத்தகைய கழுத்து நிலை ஏற்புடையதன்று என அறிவித்தது. வெளியிலிருந்து பார்க்கும் ஒருவருக்கு அந்தக் குதிரையும் தலை தாழ்த்திய குதிரையே. கண்ணைப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

நம் மொழியில் தலைகுனிவு என்றால் அவமானம். தலை நிமிர்ந்து வாழ வேண்டும் என்றே பிள்ளைகளை வாழ்த்துகின்றோம். அதில் பிழையில்லை. சோதனைச் சாவடிகளில் வரிசையாய்க் குனிந்து நடந்தவர்கள் நாம். சுற்றிவளைப்புகளின்போது முகத்தை மூடி அமர்ந்திருந்த ‘தலையாட்டி’யின் ஓர் அசைவுக்கு முன்னால் நம் வீட்டு ஆண்பிள்ளைகள் நடத்திச் செல்லப்பட்டதைக் கண்டவர்கள் நாம். அப்படிப்பட்ட மக்களுக்குத் தாழ்மையைப் பற்றி மறையுரை ஆற்றும் குரு, தான் எதைக் கேட்கின்றான் என்பதை நன்கு எண்ணிப் பார்க்க வேண்டும். நான் எண்ணிப் பார்க்காத ஒரு நாள் உண்டு. அதை எழுதத்தான் குதிரையிலிருந்து தொடங்கினேன்.

2011ஆம் ஆண்டு. குருத்துவத் திருநிலைப்பாடு பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மாணவர் விடுதி ஒன்றின் பொறுப்பு என்னிடம் இருந்தது. பதினைந்து வயது மாணவன் ஒருவன். 2009ஆம் ஆண்டின் அந்த மாதங்களை வன்னியில் கடந்து, முகாமிலிருந்து வந்தவன். படிப்பில் கெட்டிக்காரன், கேட்டதற்கு மட்டும் மறுமொழி சொல்வான். மூன்றாம் முறையாக இரவில் அவனுடைய படுக்கை வெறுமையாய்க் கிடந்ததை அறிந்தேன். மறுநாட்காலை மாணவர் அனைவர் முன்னிலையிலும் அவனை அழைத்து எங்கே போனாய் என்று கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. தலையை உயர்த்தி, என் தோளுக்கு மேலால் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அத்தனை பேர் முன்னால் அந்த நிமிர்வு எனக்குப் பொறுக்கவில்லை. திமிர் என்று எண்ணினேன். “தலையைக் குனி” என்றேன். குனியவில்லை. அவனுடைய பிடரியில் கையை வைத்து அழுத்தினேன்.

அவன் கழுத்து என் உள்ளங்கையின் கீழ் மரக்கட்டையாய் இறுகியதை இன்றும் உணர்கின்றேன். பின்னர் அது தளர்ந்தது. தலை குனிந்தது. குனிந்த பின்னும் நான் கையை எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்கச் சொன்னேன், கேட்டான். அப்போதும் சிறிது நேரம் கையை வைத்திருந்தேன்.

நான்காம் நாள் அவன் விடுதியில் இல்லை. தாயிடம் போய்விட்டான். அவ்வாண்டு சாதாரண தரப் பரீட்சைக்கு அவன் தோற்றவில்லை என்று பின்னர் கேள்விப்பட்டேன். அவனுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்த மாணவன்தான் பல வாரங்களின்பின் உண்மையைச் சொன்னான். கூரையின் கீழ் அவனுக்கு உறக்கம் வருவதில்லையாம். விடுதிக் காணியின் கோடியில் நின்ற வேப்பமரத்தடியில் பாயை விரித்துப் படுப்பானாம். மழை நாட்களில் விறாந்தையின் ஓரத்தில் இருந்தபடியே விடிய விடிய விழித்திருப்பானாம்.

அந்தத் தாய் பயம் என்ற சொல்லைச் சொன்ன மாலையில் நான் பங்கு இல்லத்துக்குத் திரும்பியபோது, நினைவில் நின்றது குதிரையன்று.

அவ்விரவு பழைய நூல் ஒன்றைத் தேடி வாசித்தேன். சோக்கிரட்டீசின் மாணவரும் போர்வீரருமான செனோபோன், கிறிஸ்துவுக்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் குதிரையேற்றக் கலை பற்றிக் கிரேக்கத்தில் எழுதிய சிறுநூல் அது. குருமடத்தில் கிரேக்கம் பயின்றபோது அதன் பெயரை மட்டும் கேட்டிருந்தேன். கோபத்தோடு குதிரையை அணுகவே கூடாது, கோபம் முன்னறியாது செய்வதைப் பற்றிப் பின்னர் வருந்த நேரும் என்ற கருத்தில் ஓரிடத்தில் எழுதுகின்றார். வற்புறுத்தலால் குதிரை செய்வதில் விளக்கமும் இல்லை, அழகும் இல்லை என்கின்றார் இன்னோரிடத்தில். இருபத்துநான்கு நூற்றாண்டுகளின்பின் திரோல் மலையில் ஒரு விதவைத் தாய், அவர் பெயரைக் கேள்விப்படாமலே, அவர் சொன்னதைச் செய்துகொண்டிருந்தார்.

ஆனால் என்னை நிறுத்தியது வேறொரு வரி. குதிரைக்குட்டியைப் பழக்குநரிடம் ஒப்படைக்கும் முன்னரே அது சாந்தமானதாகவும், கைக்குப் பழகியதாகவும், மனிதரை நேசிப்பதாகவும் இருக்கும்படி வீட்டிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்கின்றார். சாந்தம் என்பதற்கு அவர் இடும் சொல் ‘பிராவுஸ்’ என்பதன் பழைய வடிவம். குட்டிக்கு இடும் சொல் ‘போலோஸ்’. இவ்விரு சொற்களையும் அறிந்த எவரும் மத்தேயு நற்செய்தியின் இருபத்தோராம் அதிகாரத்தை நினையாதிருக்க முடியாது. எருசலேமுக்குள் வரும் அரசர் ‘பிராவுஸ்’ எனப்படுகின்றார். அவர் ஏறிவருவது ‘போலோஸ்’ ஒன்றின்மேல். மலைப்பொழிவில் பேறுபெற்றோர் எனப்படும் கனிவுடையோரும், தம் நுகத்தை ஏற்குமாறு அழைக்கும் ஆண்டவர் தம்மைப்பற்றிச் சொல்லும் கனிவும் இதே சொல்தான். இது போர்க்குதிரைக்கே உரிய சொல் எனச் சில மறையுரையாளர் முழங்குவதுண்டு. அது மிகை. மனிதருக்கும் மென்மையான ஒலிக்கும் கூடக் கிரேக்கர் இதனைப் பயன்படுத்தினர். எனினும், கைக்குப் பழகிய குட்டிக்குப் பொருந்திய ஒரு சொல்லால் ஆண்டவர் சுட்டப்படுகின்றார் என்பது எனக்குப் போதுமானதாயிருந்தது. அதுவரை கயிற்றைப் பிடித்திருப்பவராகவே நான் அவரைக் கற்பனை செய்திருந்தேன்.

மறுநாள் இதைப் பண்ணைத் தாயிடம் சொல்ல முயன்றேன். கிரேக்கம் அவரைக் கவரவில்லை. ஆனால் குருத்தோலை ஞாயிற்றின் கழுதைக்குட்டி அவரைக் கவர்ந்தது. அதுவரை எவரும் ஏறியிராத குட்டி என மாற்கும் லூக்காவும் கூறுவதை நினைவூட்டினேன். அவர் கைகளைத் தட்டிச் சிரித்தார். “முதற்சவாரி! அதுவும் கூட்டம் கத்திக்கொண்டு, கிளைகளை வெட்டிப் போட்டுக்கொண்டு, துணிகளைக் காலடியில் விரித்துக்கொண்டு! எங்கள் குட்டி இந்நேரம் இத்தாலிக்கு ஓடியிருக்கும்.” பிறகு சற்று யோசித்து, தாய்க்கழுதையும் கூட வந்ததல்லவா என்று கேட்டார்.

மத்தேயு மட்டுமே தாய்க்கழுதையைக் குறிப்பிடுகின்றார். செக்கரியா இறைவாக்கினரின் கவிதை ஒன்றையே இருமுறை சொல்லும் எபிரேய மரபில் அமைந்தது. மத்தேயு அதை இரு விலங்குகளாக ஏன் காட்டினார் என்பது குருமடத்தில் எங்களுக்கு ஒரு பரீட்சைக் கேள்வி. அந்தத் தாய்க்கு அதில் கேள்வியே இல்லை. “தாயைக் கூட்டிக்கொண்டு போகாமல் பழகாத குட்டியைச் சந்தைக்குள் கொண்டுபோக எந்த மடையன் துணிவான்? பக்கத்தில் தாய் அமைதியாய் நடந்தால் குட்டி தலையைத் தாழ்த்தும்.” விவிலிய விரிவுரைகள் பலவற்றைப் படித்திருக்கின்றேன், இவ்விளக்கத்தை எங்கும் கண்டதில்லை. சரியோ தவறோ, கழுதையை அறிந்த ஒருவரின் விளக்கம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகின்றேன். சிலுவையில் ஆண்டவர் தலை சாய்த்து ஆவியை ஒப்படைத்ததாக யோவான் எழுதுகின்றார். இறக்கும் மனிதனின் தலை உயிர் பிரிந்த பின்னரே விழும். யோவானில் தலை முதலில் சாய்கின்றது. அங்கே அவர் கையாளும் கிரேக்கத் தொடர், மனுமகனுக்குத் தலை சாய்க்க இடமில்லை என்று மத்தேயு எழுதும் இடத்திலும் வருகின்றது. படுத்து உறங்கத் தலை சாய்ப்பதைக் குறிக்கும் தொடர். எவரும் அவர் பிடரியில் கைவைத்து அழுத்தியதாக அங்கே இல்லை. பெரிய வெள்ளியன்று அவ்வரிகள் வாசிக்கப்படும்போது நாம் முழந்தாளிட்டு மௌனமாய் இருக்கின்றோமே, அந்த மௌனத்தில் அண்மைக்காலமாக எனக்கு அந்தப் பொன்னிறக் குதிரை நினைவுக்கு வந்துவிடுகின்றது. ஆண்டவர் பொறுத்துக்கொள்வார் என நம்புகின்றேன்.

ஆறாம் வாரத்தில் நான் விடைபெறச் சென்றபோது, அந்தத் தாய் என் கையைப் பிடித்துக் குதிரையின் காதுகளுக்குப் பின்னால் வைத்தார். என் கை நடுங்கியது. குதிரை தலையை உயர்த்தியது. “ஒன்றும் செய்யாதீர்கள், நில்லுங்கள்” என்றார். நின்றேன். நெடுநேரம் சென்று, உள்ளங்கையின் கீழ் கழுத்து இளகிற்று. “இப்போது கையை எடுங்கள்.” எடுத்தேன். அது முடியுமுன்னே நான் கையை எடுக்கப் பிந்திவிட்டேன் என்று கடிந்துகொண்டார்.

ஊருக்கு வந்ததும் அந்த மாணவனைத் தேடினேன். தாயின் பழைய முகவரியில் வேறு குடும்பம் இருந்தது. அவன் மேசன் வேலைக்குப் போய்விட்டான் என்று ஒருவர் சொன்னார். கொழும்பில் என்றார் இன்னொருவர். தேடலை நான் விட்டிருந்த காலத்தில், 2023ஆம் ஆண்டு மடுத்திருப்பதியின் ஆவணித் திருவிழாவில் அவனாகவே எதிர்ப்பட்டான். மரங்களின் கீழ் கூடாரம் அடித்துத் தங்கியிருந்த யாத்திரிகர்களிடையே, மனைவியோடும் மூன்று வயதளவான மகளோடும் நின்றான். என்னை அடையாளம் தெரிகிறதா என்று கேட்டேன்.

“தெரியுது, ஃபாதர்.”

சொல்லவேண்டியதைச் சொன்னேன். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த சொற்கள் எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டன. அவன் இடையில் எதுவும் பேசவில்லை. முன்போலவே என் தோளுக்கு மேலால் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். நான் முடித்தபின் மேலும் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் போலிருந்தது. மன்னித்தாயா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

சற்று நேரம் இருவரும் நின்றோம். பிள்ளை அவன் விரலைப் பிடித்து மெழுகுதிரிக் கடைப் பக்கம் இழுத்தாள். அவன் குனிந்து அவளைத் தூக்கிக்கொண்டான்.

“இப்பவும் வெளியிலதான் படுக்கிறனான், ஃபாதர்” என்றான். “முத்தத்தில ஒரு கட்டில் போட்டிருக்கு. இவளும் வந்து என்னோட படுப்பாள்.”